தூணில் நின்ற வள்ளி

கத்தியை இறக்கப்போன கை அப்படியே நின்றுவிட்டது. தாளில் ஒரு யானை. தும்பிக்கையை வாய்க்குள் சுருட்டிக்கொண்டு, யாரோ கூப்பிட்டதுபோலத் தலையைத் திருப்பியிருந்தது. அது கல் யானை என்பது சற்று நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

நான் சோமனூரிலிருந்து நல்லூருக்கு வாழ வந்த புதிது. வருஷம் அறுபத்திரண்டோ மூன்றோ இருக்கும். கம்பெனியிலிருந்து எங்கள் வீட்டுக்குப் பனியன் மடிப்புக்கு வரும். மடிக்கும்போது உள்ளே ஒரு தாளை வைத்தால்தான் பனியன் விறைப்பாக நிற்கும். அதற்காகப் பழைய காகிதத்தையும் மூட்டையாகக் கட்டி அனுப்பிவிடுவார்கள். கோர்ட்டுக் காகிதம், பரீட்சைத் தாள், போன வருஷத்துப் பஞ்சாங்கம் எல்லாம் ஒரே அளவாக வெட்டுப்பட்டு, முகம் தெரியாத யாரோ போடப்போகும் பனியனுக்குள் போய் உட்காரும். அன்றைக்கு மூட்டையில் வந்தது ஒரு முழுப் புத்தகம். அட்டை இல்லை. முன்பக்கங்களைச் செல் தின்றிருந்தது. ஏதோ ஒரு கோயிலின் தூண்களைப் பற்றி யாரோ ஒருவர் வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்து எழுதியிருந்தார். படங்கள் எல்லாம் வழவழப்பான கெட்டித் தாளில் இருந்தன. எட்டாவது வரைக்கும் படித்தவள் நான். இப்படி ஒரு புத்தகம் உலகத்தில் உண்டு என்றே எனக்குத் தெரியாது. அதை வெட்டக்கூடாது, அது எனக்கு வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

என் மாமியார் பழனாயி எதிரே உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கண்ணு, கத்தி மொண்ணையாப் போச்சா?"

"இல்லீங்கத்தை. சாமி படமா இருக்குதுங்க."

சாமி படத்தை எங்கள் வீட்டில் வெட்டமாட்டோம். ஒதுக்கி வைத்து, ஆற்றில் விட்டுவிடுவோம். அத்தை கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இது ஆனையல்ல?"

"பிள்ளையாருங்க. அவதாரம் எடுக்கறதுக்கு முந்தி."

பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாள் எங்களோடு மடிக்க வருவாள். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "அடுத்த படத்தைத் திருப்பு, பாக்கலாம்" என்றாள்.

அடுத்ததில் ஒரு போர்வீரன் ஈட்டியோடு நின்றான்.

"வேல் வெச்சிருக்காருங்க. முருகன்" என்றேன்.

"முருகனுக்கு மீசை எப்ப மொளைச்சுதாமா?"

"சூரனோட சண்டைக்குப் போனப்பங்கக்கா. செரைக்க நேரமேது?"

அத்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து வந்த மத்தளக்காரனை நந்தி என்றேன். மாட்டு முகம் எங்கே என்று குழந்தையம்மாள் கேட்டதற்கு, மனுஷ ரூபத்தில் வந்திருக்கிறார் என்றேன். அப்புறம் ஒரு பெண் வந்தாள். ஒரு காலைத் தூக்கி, இடுப்பை ஒடித்து, தனக்குள் எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். என்ன சொல்வது என்று நான் தடுமாறுவதற்குள் அத்தையே சொன்னார்: "வள்ளியாட்டவே இருக்கறா."

படங்கள் தப்பின. ஆனால் அத்தை விவரமானவர். "படத்தை எடுத்து வெச்சுக்க. வெறும் எழுத்து இருக்கறதையெல்லாம் மடிப்புக்குப் போட்டுரு."

"அது தல புராணங்கத்தை. வெட்டினா பாவம்."

"அப்பிடியா? அப்பப் படி. புராணத்தைப் படிக்காம வெக்கறதும் பாவந்தான்."

வெள்ளிக்கிழமைதோறும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, விளக்கேற்றி, மடிப்புக்கு நடுவே நான் படிக்கும்படி ஆயிற்று. "இத்தூணின் அடிப்பகுதி சதுரமாகவும், இடைப்பகுதி எண்பட்டையாகவும் அமைந்துள்ளது" என்று ராகம் போட்டு இழுப்பேன். "முருகா" என்பார் அத்தை. "எண்பட்டைன்னா எட்டு மொகமா? ஆறு மொகந்தானே நம்மாளுக்கு" என்பாள் குழந்தையம்மாள். சீக்கிரமே அவளும் கேட்க ஆரம்பித்துவிட்டாள். போன வாரம் எந்தத் தூணில் விட்டோம் என்று அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். படித்து முடித்ததும் அத்தை வள்ளியின் பக்கத்தைத் திறந்து, நெற்றியில் குங்குமம் வைத்துவிட்டு, உதட்டை அசைத்து ஏதோ சொல்லிவிட்டு மூடுவார். என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. படித்துக்கொண்டே போனவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். என் கண் வாய்க்கு முன்னால் ஓடி அதைப் படித்துவிட்டது.

"என்ன கண்ணு, எழுத்து தெரியலியா?"

"தெரியுதுங்க."

தாண்டிப் போயிருக்கலாம். இன்னொரு தூணின் பட்டையை எண்ணிச் சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? படித்துவிட்டால் புத்தகம் மொத்தமும் கத்திக்குப் போகலாம் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும், நான் என் வாயால் சொன்ன பொய் வேறு, அந்த மனிதர் இத்தனை தூரம் தேடி எழுதிய புத்தகத்தின் வாயில் பொய்யை வைப்பது வேறு என்று அந்த நிமிஷம் தோன்றிவிட்டது. ராகமில்லாமல் படித்தேன்.

"ஒரு காலைத் தூக்கி, இடை ஒசிந்து, நகைத்து நிற்கும் இவ்வுருவம் தெய்வத் திருவுருவம் அன்று. அக்காலத்தே இக்கோயிலில் ஆடிய பெண்ணொருத்தியைச் சிற்பி கண்டவாறே வடித்தனன் போலும்."

குழந்தையம்மாள் பாதி மடித்த பனியனோடு அத்தையைப் பார்த்தாள்.

"அப்ப அது வள்ளியில்லியா?" என்றார் அத்தை.

"இல்லீங்கத்தை."

"நம்மளாட்டப் பொம்பளையா?"

"ஆமாங்க."

"பேரு போட்டிருக்குதா?"

"போடலீங்க."

"இத்தன நாளும் இவகிட்டப் போயி நான் என்னென்னமோ கேட்டுட்டிருந்தனே, சாமி" என்றார். கோபமா என்று குரலில் தெரியவில்லை.

கையை நீட்டினார். கொடுத்தேன். கத்தி அவர் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. புத்தகத்தை மடியில் விரித்து, முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து, அந்தப் பெண்ணின் நெற்றியைத் துடைக்க ஆரம்பித்தார். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குத் துடைப்பதுபோல அழுத்தாமல் துடைத்தார். குங்குமம் போகவில்லை. கரைந்து கன்னத்துக்கு இறங்கியது. கல் கன்னம் மெதுவாகச் சிவந்தது. அத்தை துடைப்பதை நிறுத்திவிட்டு, மூக்குத்தி தாளில் படும் அளவுக்குக் குனிந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.