வியன்னாவிலிருந்து வந்த ரேம்

சனிக்கிழமை மதியம் லோசா ரேடியோவில் ஒரு மாமியாருக்கு எண்பதாவது பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லி, மருமகன் கேட்ட பாட்டைப் போட்டார்கள். "நீ இல்லாத வீட்டில்" என்று பாடகர் ஆரம்பித்த இடத்தில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. நின்றதும் சும்மா நிற்கவில்லை. "நீ இல்லாத, நீ இல்லாத, நீ இல்லாத" என்று நெகோதின் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டே நின்றது. மாமியாரும் கேட்டாள். மருமகன் அன்று ராத்திரி தம்பி வீட்டில் படுத்ததாகத் தகவல்.

ரேடியோ முதலாளி குவோஸ்தென், சிமெண்ட் வியாபாரத்துக்கு நடுவே ரேடியோவையும் நடத்துகிறவர். ரேடியோவின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஒப்ராத்திடம் நேரில் வந்தார்.

"ஒரு சனிக்கிழமை தரேன். மறுபடியும் திக்குச்சுன்னா, திங்கள்லேர்ந்து பெல்கிரேடு ஸ்டேஷன் பாட்டை அப்படியே எடுத்து விட்டுடுவேன். அங்க மிஷினே பாட்டுப் போடுது, மனுஷங்களே கிடையாது. அதனால மாமியாரும் கிடையாது."

அப்படி விட்டால் முதலில் போவது 'வாழ்த்தும் விருப்பமும்' நிகழ்ச்சி. அதோடு போவது அதை நடத்துகிற யாகொதா. அவள் வடக்கே சுபோதிசாவிலிருந்து வந்தவள். போனால் அங்கேதான் போவாள். இதை நினைத்தபோது ஒப்ராத்துக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. காலையில் தின்ற புரெக் பலகாரத்தில் எண்ணெய் அதிகம் என்று முடிவு செய்துகொண்டான்.

ஒப்ராத்தின் பதவிப் பெயர் 'தொழில்நுட்ப இயக்குநர்'. அந்தத் துறையில் அவனைத் தவிர ஒரு ஸ்க்ரூடிரைவரும் இருந்தது. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். அதன் ஞாபகமாக இருந்த இரண்டு ரேமில் ஒன்று செத்திருந்தது. மிச்சமிருந்ததை வைத்துக்கொண்டு ஒரு பாட்டை முழுசாகப் பாட முடியாது.

புது கம்ப்யூட்டர் வாங்கலாமே என்றால், ஒலிபரப்புக்கான சவுண்டு கார்டு அந்தப் பழைய மதர்போர்டில் மட்டுமே உட்காரும். அந்த போர்டோ வயசானது, எல்லாம் ஒத்துக்கொள்ளாது. புதுவகை ரேம் அதன் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. நுழைகிற வகையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இரண்டு பக்கமும் சில்லு பதித்த ரேம்தான் அதற்குப் புரியும். அதே அளவு ஞாபகத்தை ஒரே பக்கத்தில் நெருக்கி அடைத்து வருகிறதே, அதை மாட்டினால் போர்டு ஒருதரம் படித்துப் பார்க்கும், புரியாமல் ஊளையிடும். இதெல்லாம் ஒப்ராத்துக்கு நன்றாகத் தெரியும். அவன் செய்த தப்பு, "ரேம் வேணும்" என்று காபிக் கடையில் வாய்விட்டுச் சொன்னதுதான். அடுத்த மேஜையில் வித்தோமிர் இருந்தான்.

வித்தோமிர் ஒப்ராத்தின் கூம். அதாவது கல்யாணத்தில் சாட்சியாக நின்று கையெழுத்துப் போட்டவன். அந்தக் கல்யாணம் ரத்தாகி மனைவி எப்போதோ போய்விட்டாள். கூம் உறவை ரத்து செய்ய எந்தக் கோர்ட்டும் கிடையாது. கூடப் பிறந்தவன் பேச்சைத் தட்டலாம், கூம் பேச்சைத் தட்டக் கூடாது. கூம் கொடுப்பதை வேண்டாம் என்று சொன்னவனை ஊர் வேறு விதமாகப் பார்க்கும்.

"கூமே, நீ கவலைய விடு. வியன்னாவுல என் சித்தப்பா பையன் ஸ்லாவிஷா இருக்கான். சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு அனுப்புடான்னு சொன்னேன்."

நெகோதினில் பாதிப் பேர் வியன்னாவில் இருக்கிறார்கள். மீதிப் பேர் வியன்னாவிலிருந்து பார்சல் எதிர்பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். பஸ் டிரைவர் கையில் வந்த பையில் காபிப் பொட்டலத்துக்கும் சாக்லேட்டுக்கும் நடுவே அந்த ரேம் இருந்தது. சிவப்பு உலோகக் கவசம் போட்டு, தங்க எழுத்தோடு, பந்தயக் காருக்குத் தம்பி மாதிரி இருந்தது. கவசத்துக்குள்ளே சில்லு எந்தப் பக்கம் இருக்கிறது என்று யார் கண்டார்? ஓரத்துச் சீட்டைப் படித்தால் தெரிந்திருக்கும். கூம் தோள் மேல் மூச்சு விட்டுக்கொண்டு நிற்கும்போது, அவன் கொடுத்த பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது மரியாதையில்லை. ஒப்ராத் அப்படியே மாட்டினான்.

கம்ப்யூட்டர் நீளமாக ஊளையிட்டது.

வித்தோமிர் முகம் மலர்ந்தது. "பேசுது பாரு! என்ன சொல்லுது?"

"நன்றி சொல்லுது" என்றான் ஒப்ராத்.

"ரொம்ப நேரமா சொல்லுதே."

"வியன்னா வழக்கம் கூமே. கொஞ்சம் பழகணும். நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்க. சனிக்கிழமை நானும் வரேன். ஸ்லாவிஷா அங்கேர்ந்து இன்டர்நெட்ல கேக்கறேன்னு சொல்லியிருக்கான். நம்ம ரேம் பாடறத அவனும் கேக்கட்டும்."

அவன் போன பிறகு ஒப்ராத் சீட்டைப் படித்தான். ஒரு பக்கச் சில்லு என்று தெளிவாகவே போட்டிருந்தது.

யாகொதா கதவில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாஸ்டர், சேராதுன்னு அவர்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"நீங்க சுபோதிசாக்காரங்க. உங்களுக்குப் புரியாது."

"எங்க ஊர்லயும் கூம் உண்டு."

"கூமும் வியன்னாவும் ஒண்ணா வந்ததுண்டா?"

அவள் யோசித்துப் பார்த்து, அப்படி வந்ததில்லை என்று ஒப்புக்கொண்டாள்.

அதன்பின் ஒப்ராத் அந்த போர்டின் வயசுக்காரக் கம்ப்யூட்டர்களைத் தேடி ஊர் முழுக்க அலைந்தான். நோட்டரி ஆபீஸில் இருந்தது இன்னும் மூப்பு. ஒயின் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்ததில் எலி குடும்பம் நடத்தியது. கடைசியில் பல் டாக்டர் தெஸ்பினா வீட்டுப் பரணில், எக்ஸ்ரேக்காக முன்னாளில் வைத்திருந்த பெட்டி கிடைத்தது. உள்ளே ஜோடியாக இரண்டு ரேம். கவசம் இல்லை, எழுத்து இல்லை. பச்சைப் பலகையில் இரண்டு பக்கமும் சில்லு. ஒப்ராத்துக்கு அவற்றை முத்தமிடத் தோன்றியது. டாக்டர் பார்த்துக்கொண்டிருந்ததால் துணியால் துடைத்தான்.

"காசு வேண்டாம்" என்றார் டாக்டர். "என் பழைய புருஷனுக்கு ஒரு பாட்டுப் போடுங்க. எதுக்குன்னு அவருக்குத் தெரியும்."

ரேடியோவுக்குக் கொண்டுவந்து அவற்றை மாட்டியதும் போர்டு ஒரே ஒரு முறை சின்னதாகக் குரல் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனது. ராத்திரி முழுக்கப் பாடவிட்டான். திக்கவில்லை.

சனிக்கிழமை வித்தோமிர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். கம்ப்யூட்டரின் பக்கத்து மூடி எப்போதும் திறந்தே கிடக்கும்; மூடினால் சூடு தாங்காது. வித்தோமிர் குனிந்து பார்த்தான்.

"சிவப்பு எங்க?"

ஸ்டூடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாகொதா ஹெட்போன் மாட்டிக்கொண்டிருந்தாள். ஸ்லாட் இரண்டுதான். சிவப்பைப் போட்டால் கூமுக்குச் சந்தோஷம். ரேடியோ ஊமை, யாகொதாவுக்கு வடக்கே போகிற பஸ். ஒப்ராத் மேஜை இழுப்பறையைத் திறந்து சிவப்பை எடுத்து நீட்டினான்.

"கூமே, இது இந்த போர்டுக்குச் சேராது. அன்னிக்கே தெரியும். சொல்ல தைரியம் வரல. உள்ள இருக்கறது பல் டாக்டர் வீட்டுப் பரண்லேர்ந்து எடுத்தது."

"வியன்னாது சேராதா?"

"சேராது."

"பரணைத் தேடிக் குப்பையக் கொண்டாந்து வெச்சா அது சேரும்?"

"ஆமா."

வித்தோமிர் ரேமை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மாடிப்படிக்குப் போனான். கூம் கத்தினால் பயமில்லை. பேசாமல் போனால்தான் பயம்.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. டாக்டரின் பழைய புருஷனுக்குப் பாட்டுப் போனது. அடுத்த அழைப்பு.

"வணக்கம். யாருக்கு வாழ்த்து?" என்றாள் யாகொதா.

"வாழ்த்தெல்லாம் இல்ல. விருப்பம் மட்டும்தான்." மாடிப்படியிலிருந்து நேராகவும் ஸ்பீக்கரிலிருந்தும் ஒரே குரல் கேட்டது. "ஒருத்தன் இருக்கான். அவன் கல்யாணத்துல நான் மழையில நனைஞ்சு நின்னேன். நான் வியன்னாவுலேர்ந்து வரவழைச்சுக் கொடுத்தத உள்ள வைக்க அவனுக்கு மனசில்ல. பல் டாக்டர் வீட்டுப் பழச வெச்சிருக்கான்."

"பாட்டு?"

"துக்கமா ஏதாவது. நீளமா."

பாட்டு முடிவதற்குள் எல்லா போன் லைனிலும் விளக்கு எரிந்தது. ஒருவர் கூமுக்கு ஆதரவு. ஒரு அம்மாள், வியன்னாவிலிருந்து வந்த இஸ்திரிப் பெட்டி தன் சட்டையை எரித்த கதையைச் சொன்னாள். குவோஸ்தெனே கூப்பிட்டார்: "சிமெண்ட் லாரிக்காரங்க வேலைய நிறுத்திட்டுச் சண்டை போடறாங்க. யார் பக்கம் நியாயம்னு சீக்கிரம் முடிக்காதீங்க. திங்களும் வைங்க."

ஒப்ராத் போனை எடுத்துத் தன் ரேடியோவின் நம்பருக்கே போட்டான். பிசி. மறுபடி போட்டான். மற்றவர்களைப் போலக் காத்திருந்தான்.

"வணக்கம், யாருக்கு வாழ்த்து?" என்றாள் யாகொதா, கண்ணாடி வழியாக அவனையே பார்த்துக்கொண்டு.

"என் கூமுக்கு. கூமே, உன் மனசு நோகக் கூடாதுன்னு அதப் போட்டிருந்தா, இன்னிக்கு ரேடியோ செத்துப்போயிருக்கும். அப்புறம் என்னைய எதுல திட்டியிருப்ப?"

மாடிப்படியில் மறுபடி நம்பர் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு வித்தோமிர் லைனில் வந்தான். "சரி. ஸ்லாவிஷாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவன் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான்."

"அட, ஆமால்ல."

அடுத்த லைனில் தூரத்துக் குரல். "நான்தான் ஸ்லாவிஷா. ஏன்டா, நல்லதா ஒண்ணு அனுப்புன்னுதானே கேட்டீங்க? எந்த போர்டுன்னு ஒருத்தனாவது சொன்னீங்களா? பாட்டி செருப்புக்குக் கூட அளவு சொல்லி அனுப்புவாங்கடா. அந்த சிவப்பு என் பையனோட புது மிஷினுக்கு வேணும், திருப்பி அனுப்புங்க. பஸ் செவ்வாய்க்கிழமை."

யாகொதா மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு பாட்டுப் போட்டாள். மைக்கை மூடிவிட்டு ஹெட்போனுக்குள் சிரிப்பை அடக்கினாள். அவள் தோள் குலுங்குவதை ஒப்ராத் தேவைக்கு மேல் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தான்.

வித்தோமிர் உள்ளே வந்தான். ஒப்ராத்தைப் பார்க்காமல் பெட்டிக்குள் குனிந்து பச்சை ரேம்களைப் பார்த்தான்.

"எவ்ளோ அசிங்கமா இருக்கு" என்றான்.

"ஆமா கூமே."

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வித்தோமிர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அது முடிகிறவரை கேட்டான்.