குஷன் உறை

முதியோர் குடியிருப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று இருந்தது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு அதிலிருந்து எழ வேண்டும். எழுந்தவர்கள் முன்கட்டில் தொடரலாம். முடியாதவர்கள் பின்கட்டுக்குப் போக வேண்டும். பின்கட்டில் கதவுகளுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. சோற்றை ஊட்டிவிடுவார்கள், பசித்தாலும் பசிக்காவிட்டாலும்.

முன்கட்டில் குடியிருந்த அவள் பள்ளியில் டிரில் டீச்சராக இருந்தவள். கணவர் ட்ரெட்மில்லில் ஏறினால் பக்கத்தில் நின்று கைதட்டி எண்ணுவாள்.

"ஒன், டூ. ஒன், டூ. வயித்தை உள்ள இழுங்க. எத்தனையாவது மாசம்?"

சைக்கிள் மிதிப்பவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கல்யாணமான நாளிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பின்கட்டுக்கு முதல்ல இவரைப் பார்சல் பண்ணுங்க. நான் நிம்மதியா இருப்பேன்."

"பண்ணிடலாம் டீச்சர்" என்பார் பயிற்சியாளர்.

ஆனால் தேய்ந்திருந்தவை அவளுடைய முட்டிகள்தான். அது அவளுக்குத் தெரியும். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பாட்டு நாற்காலியில் பழகினாள். முதல் நாள் பாதி எழுந்து விழுந்தாள். அவர் தூக்கிவிட்டார்.

"வெளிய மூச்சு விடக்கூடாது."

"சேச்சே. நான் எதுக்குச் சொல்லப்போறேன்."

அவள் குளிக்கப் போனதும், நாற்காலியில் கிடந்த குஷனின் உறையைத் திறந்து உள்ளே ஒரு போர்வையை மடித்து வைத்தார். மறுநாள் அவள் திணறி எழுந்தாள். சில நாள் கழித்து இன்னொன்று வைத்தார். உட்காரும் உயரம் கூடக்கூட அவள் சுலபமாக எழுந்தாள். சந்தேகம் வரவில்லை. தன் உடம்பைப் பற்றி யார் நல்லது சொன்னாலும் நம்புவாள். நாற்காலி சொன்னதையும் நம்பினாள்.

"பார்த்தீங்களா, தொடையில பலம் ஏறுது. உங்களை மாதிரி சோத்து மூட்டையா நான்?"

"நீ யாரு!" என்றார் அவர்.

சோதனை நாளில் அவளே முதலில் போனாள். கைகளைக் கட்டினாள். பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தாள். மறுபடியும் அப்படியே. சைக்கிள்கள் நின்றன.

"இந்த நாற்காலி சரியில்ல மாஸ்டர். வீட்டுல கை ஊனாமத்தான் எழுந்திருக்கிறேன். வேணும்னா இவரைக் கேளுங்க."

பயிற்சியாளர் அவரைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். அந்தப் பார்வையில் டீச்சர் இல்லை.

"எங்க சார்... தினமும் நான்தான் தூக்கிவிடுறேன்" என்றார் அவர். "பாவம், வெளிய சொல்ல வெக்கப்படுறா."

பிறகு அவர் உட்கார்ந்து எழுந்தார். கூடமே கைதட்டியது.

பின்கட்டுக்குச் சாமான் கட்டும்போது அவள் சக்கர நாற்காலியில் இருந்தாள்.

"ஏங்க அப்படிப் பொய் சொன்னீங்க?"

அவர் சாப்பாட்டு நாற்காலியிலிருந்து குஷனை எடுத்து ஜிப்பை இழுத்தார்.

"அங்க குளிருமாம். போர்வை பத்தாதாம்."

உறைக்குள்ளிருந்து ஒன்றை உருவி அவள் மடியில் வைத்தார். அவள் போர்வையைப் பார்த்தாள். குஷனைப் பார்த்தாள்.

அவர் அடுத்ததை உருவினார். கைதட்ட முடியாததால் காலால் தரையைத் தட்டிக்கொண்டார்.

"ஒன், டூ. ஒன், டூ."