சோபா வரிசையில் ஐந்து குதிரைகள்

பொன்னுரங்கம் கழிப்பறைக் கதவைத் தாமே திறந்துவிட்டார்.

"உள்ள வாங்க சார். ஆளு வந்து நின்னாலே லைட்டு எரியும், தண்ணி கொட்டும், பாட்டு பாடும்."

லைசென்ஸுக்குப் பரிசோதிக்கச் சென்னையிலிருந்து வந்திருந்த அதிகாரி தட்சிணாமூர்த்தி உள்ளே போனார். எரிந்தது, கொட்டியது, பாடியது. சந்தோஷமாக வெளியே வந்தார்.

கடலூர் - சிதம்பரம் சாலையில், சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே பாழாய்க் கிடந்த ரேஸ் மைதானத்தைப் பொன்னுரங்கம் வாங்கிப் புதுப்பித்திருந்தார். கண்ணாடி மாளிகை. ஏசி கேலரி. மசாஜ் நாற்காலிகள். பாதாம் பால் கவுண்டர். செல்ஃபி எடுக்க ஒரு பிளாஸ்டிக் குதிரை, நிஜக் குதிரைகளைவிட வாட்டசாட்டமாக. குதிரை ஓடுகிற மண்ணை மட்டும் யாரும் தொடவில்லை.

இன்றைக்கு முதல் ஓட்டம். பார்த்துவிட்டு அதிகாரி தலையாட்டினால் லைசென்ஸ். இல்லாவிட்டால் கேட்டுக்குப் பூட்டு.

கூட்டத்துக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. முக்கால்வாசிப் பேர் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்று தங்கள் மூஞ்சியையே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே நேரம், மைதானத்தில் வெண்மதி கொதித்துக்கொண்டிருந்தாள். தேவனாம்பட்டினத்துக்காரி. ஆறு ஜாக்கிகளில் ஒரே பெண்.

"யாருய்யா இத இங்க ஒடைச்சது?"

ஓட்டம் முடியும் கம்பத்துக்குச் சற்று முன்னால், பாதையின் நட்டநடுவே, குங்குமம் அப்பிய திருஷ்டிப் பூசணிக்காய் சிதறிக் கிடந்தது, கொலை நடந்த இடம் மாதிரி.

பொன்னுரங்கத்தின் மச்சானும் மைதானத்தின் மேனேஜருமான பழனிவேல் நெஞ்சைத் தட்டினான். "நாந்தான். மேல்பட்டாம்பாக்கத்துலேர்ந்து எடுத்தாந்தேன். எம்மாம் பெருசு பாத்தியா?"

"வாசல்ல ஒடைக்க வேண்டியதுதானே?"

"வாசல்ல கிரானைட்டு. கறை புடிச்சிக்கும்."

வெண்மதி குனிந்து அள்ளப் போனாள். மற்ற ஐந்து ஜாக்கிகளும் பாம்பைக் கண்டதுபோல் பின்வாங்கினார்கள்.

"திருஷ்டி கழிச்சதப் போயி தொடுறியே! அப்புறம் எங்க பக்கத்துல வராத."

"கைய வச்சே, நீ குதிரையே ஏற வேணாம். வூட்டுக்குப் போ" என்றான் பழனிவேல். "மிதிக்காம சுத்திப் போங்கப்பா. எம்மாம் எடம் கெடக்குது!"

சுத்திப் போவது எந்தப் பக்கம்? உள்பக்கம் புதிதாகக் கட்டிய நீரூற்று. வெளிப்பக்கம் விஐபி சோபா வரிசை. பாதைக்கும் சோபாவுக்கும் நடுவில் இருந்த வேலி படத்தில் குறுக்கே விழுகிறது என்று பழனிவேல் அதைப் பிடுங்கிப் போட்டிருந்தான்.

"வேலி இல்லாம குதிரை எங்க போயி நிக்கும்னு தெரியுமா ஒனக்கு?"

"ஓட்டுறது மட்டுந்தான் ஒன் வேலை. நிர்வாகம் நாங்க பாத்துக்குறோம்."

நிர்வாகம் அப்போதுதான் அதிகாரியை முன்வரிசை சோபாவில் அமர்த்தி, கையில் பாதாம் பாலைக் கொடுத்தது.

கேட் திறந்தது. ஆறு குதிரைகள் பாய்ந்தன.

வளைவு. புழுதி. ஆறும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கடைசி நேர்ப்பாதைக்கு வந்தன.

பூசணிக்காய்!

ஐந்து ஜாக்கிகளும் ஒரே நொடியில் கடிவாளத்தை வெளிப்பக்கம் இழுத்தார்கள். வெண்மதி இழுக்கவில்லை. அவள் குதிரை பூசணியைச் சட்னியாக்கிவிட்டு, தனியாகக் கம்பத்தைத் தாண்டியது. அவள் ஜெயித்ததை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

பார்க்க வேறு இருந்தது. ஐந்து குதிரைகள் விஐபி வரிசைக்குள் புகுந்திருந்தன. சோபாக்கள் கவிழ்ந்தன. ஒரு குதிரை கவுண்டரில் முகத்தை விட்டு மிச்சப் பாலை நக்கியது. அடிபடாமல் தப்பிய ஜனம், ஓடுவதை விட்டுவிட்டு அதையும் படம் பிடித்தது.

சோபாவுக்கு அடியிலிருந்து தட்சிணாமூர்த்தி ஊர்ந்து வந்தார். சட்டையெல்லாம் பாதாம் பால், குங்குமப்பூ வாசனை.

பொன்னுரங்கம் பல்லைக் காட்டினார். "சார்... லைசென்ஸு..."

"லைசென்ஸா? குதிரைய எங்க ஓட்டணும்னே தெரியல, ஒனக்கு லைசென்ஸா! கக்கூஸ் நல்லா கட்டியிருக்கய்யா. பேசாம கல்யாண மண்டபமா நடத்து, போ!"

அதிகாரியின் கார் கிளம்பிப் போனது. பொன்னுரங்கம் இடிந்துபோய் நிற்பார் என்று நினைத்தால், மோவாயைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மச்சான், ஆவணியில முகூர்த்தம் ஜாஸ்தியாடா?"

"ஜாஸ்தி மாமா! மாப்ள அழைப்புக்குக் குதிரகூட நம்மகிட்டயே இருக்குது!"

கம்பத்திலிருந்து திரும்பி வந்த வெண்மதியின் காதில் அது விழுந்தது. காறித் துப்பிவிட்டு, குதிரையை லாயத்துப் பக்கம் திருப்பினாள்.