வினாடிக்கு மூவாயிரத்துத் தொள்ளாயிரம்

பெனிட்டோவின் லேப்டாப்பிலிருந்து குரல் பொடியாகக் கொட்ட ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு. அன்று பருத்திப்பட்டில் தக்காளி கிலோ முப்பத்தெட்டு, மத்தி நூற்றறுபது. பெனிட்டோ அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். குரல் அவன் மனைவி ஜாஸ்லினுடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே கோயில் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல். மூன்று வருடத்துக்கு முன் கழுத்தில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. கட்டி போயிற்று, குரலும் கூடவே போயிற்று, மிஞ்சியது வெறும் காற்று. நல்லவேளை, அதற்கு முந்தின வாரமே பெனிட்டோ ஒரு சவுண்ட் கார்டு வாங்கி, பன்னிரண்டு பாட்டைப் பாடவைத்துப் பதிந்து வைத்திருந்தான். அப்போது கைக்குழந்தையாக இருந்த மகள் ரோஷினிக்கு இப்போது மூன்றரை வயது. தூக்கம் வந்தால் அவள் அம்மாவிடம் போகமாட்டாள்; லேப்டாப்புக்கு முன்னால் பாயை இழுத்துப் போட்டுப் படுத்துக்கொண்டு "பாட்டம்மா, வா" என்பாள். அது நான்தாண்டி என்று ஜாஸ்லின் காதோரம் காற்றாகச் சொன்னால், குழந்தை கூச்சம் தாங்காமல் சிரிக்கும், ஆனால் நம்பாது. ஜாஸ்லினுக்கு வயிறு எரியும். தன் குரல் மேல் தானே பொறாமைப்பட்டவள் ஆவடி வட்டாரத்தில் அவள் ஒருத்திதான்.

லேப்டாப் தானாக ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டதில் வந்தது வினை. பாட்டைப் போட்டால் ஜாஸ்லின் குரல் தடித்து, இழுத்து, மாதாகோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளை சளி பிடித்துப் பாடுவது போல வந்தது. ரோஷினி வீறிட்டு அழுதாள், இரண்டு நாள் தூங்கவில்லை. பெனிட்டோ டிரைவரை, அதாவது லேப்டாப்புக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவே தூது போகிற மென்பொருளை, அழித்துவிட்டு மறுபடி ஏற்றினான். பழைய டிரைவரைத் தேடிப் போட்டான், லேப்டாப் ஏற்கவில்லை. ஒயரைப் பிடுங்கி வேறு ஓட்டையில் செருகினான். ஒன்றும் வேலைக்கு ஆகாமல், அம்பத்தூருக்குப் பக்கத்தில் பாடியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிநேகிதன் வெங்கட்டுக்குப் போன் போட்டான்.

"மச்சான், நீ பதிஞ்சப்போ அது குரலை வினாடிக்கு நாப்பத்தெட்டாயிரம் துண்டா நறுக்கிக்கீது. புது டிரைவரு நாப்பத்து நாலாயிரத்து நூறுதான் எடுக்கும். அதான் இழுக்குது. கன்வர்ட்டுனு ஒண்ணு கீது பாரு, அத்த அமுக்கு."

"மிச்சம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம்?"

"தூக்கிப் போட்ரும்."

"எங்க போடும்?"

வெங்கட் சிரித்துவிட்டுப் போனை வைத்தான். மிஷின் சீவிப் போட்டது கீழே எங்காவது விழுந்துதானே ஆகவேண்டும். இருபது வருடம் லேத் ஓட்டியவனிடம் வேறு கதை சொல்ல முடியாது. பெனிட்டோ வேலை இடத்தில் இரும்புச் சுருள் பிடிக்க வைத்திருக்கும் மாதிரியே ஒரு தகர டிரேயை லேப்டாப்புக்கு அடியில் வைத்துவிட்டு பொத்தானை அமுக்கினான். பாட்டு சரியாகிவிட்டது, ரோஷினியும் தூங்கிவிட்டாள். டிரேயில் ஒரு தேக்கரண்டி பொடி விழுந்திருந்தது, சாம்பல் புதனன்று நெற்றியில் இடுகிற சாம்பல் நிறத்தில்.

குழந்தை எழுந்ததும் முதல் வேலையாக விரலில் தொட்டு நக்கியது. அதன் வாயிலிருந்து ஜாஸ்லினின் பழைய குரலில் "ஆண்டவரே" என்று வந்தது. ஜாஸ்லின் ஓடிவந்து டிரேயைப் பிடுங்கினாள். விஷமோ என்னவோ என்று தானும் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்தாள், பெற்றவள் புத்தி அப்படித்தான். போட்டுவிட்டு, "கண்டதையும் வாயில வெப்பியாடி, பேதி புடுங்கிக்கப் போவுது" என்றாள். மூன்று வருடமாக அந்த வீட்டில் ஒலிக்காத குரல் தெருமுனை வரை கேட்டது. ரோஷினி திரும்பி லேப்டாப்பைப் பார்த்தாள். ஜாஸ்லின் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபோது பழையபடி காற்றுதான் வந்தது.

அதன்பின் பெனிட்டோ ஞாயிறுதோறும் பாட்டுகளை நாற்பத்தெட்டுக்கு ஏற்றி, நாற்பத்து நாலுக்கு இறக்கி, மறுபடி ஏற்றி, பொடி எடுத்தான். மூன்றாவது வாரம் அவன் காதுக்குப் புரிந்துவிட்டது: லேத்தில் ஒவ்வொரு தடவை சீவும்போதும் ஜாப், அதாவது கடைகிற இரும்பு, இளைப்பது போலத்தான் இதுவும். பாட்டு மெலிந்துகொண்டே வந்தது. பென் டிரைவில் எடுத்து வைத்த நகலும் அதே நாளில் அதே அளவு மெலிந்தது. அப்படி ஆகவே ஆகாது என்ற வெங்கட், பைக்கில் வந்து, கேட்டுப் பார்த்து, டீ குடித்துவிட்டுப் போனான். பெனிட்டோ டிரேயை எடுத்துப் பரண்மேல் போட்டான். ஜாஸ்லின் ஏன் என்று கையாட்டிக் கேட்டாள்.

"இன்னும் ஓட்னா பாட்டே இருக்காது. மொத்தமே ஒரு மணி நேரப் பொடிதான் தேறும். அதுவும் தீந்துட்டா பொட்டிலயும் இல்ல, உன்கிட்டயும் இல்ல."

ஜாஸ்லின் லேப்டாப்பைக் கைகாட்டினாள். பிறகு காற்றாகவே சொன்னாள். "பொட்டில கீறது பன்னெண்டு பாட்டுங்க. அதுல ஒண்ணாவது அவள பேர் சொல்லிக் கூப்ட்டுதா?"

பெனிட்டோ அழுதான். அழுதுகொண்டே டிரேயை இறக்கினான். தவக்காலம் முடிவதற்குள் பன்னிரண்டு பாட்டும் மௌனமாகிவிட்டன. ஓடும் நேரம் மட்டும் திரையில் ஓடும், சத்தம் வராது. ஊறுகாய் பாட்டில் ஒன்று நிறையப் பொடி கிடைத்தது.

ரோஷினி வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஜாஸ்லின் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு "ரோஷினீ" என்று கூப்பிட்டாள். குழந்தை சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, அம்மாவைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடி, லேப்டாப்பைத் திறந்து காதை வைத்தது. ஒன்றும் கேட்கவில்லை. பின்னாலிருந்து இன்னொரு முறை "ரோஷினீ". அது மெல்லத் திரும்பி வந்து, ஜாஸ்லின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்தது. "பாட்டம்மா, நீ இங்கயா கீற?" என்றது. அன்றிலிருந்து அது லேப்டாப் பக்கம் போகவில்லை.

ஒரு தடவை ஜாஸ்லின் ஆத்திரத்தில் ஒன்பது வினாடியை மீன் பேரத்தில் தொலைத்தாள். "பத்து ரூபாய்க்கா இம்மாம் பொடி போட்டுக்கின?" என்று மீன்கார அங்கம்மாவே வருத்தப்பட்டு, மத்தியைப் பாதி விலைக்குக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வேறு எதற்கும் செலவழிப்பதில்லை என்று முடிவாயிற்று. பேர் சொல்ல ஒரு வினாடி. நாளுக்கு ஒரு தடவை என்றால் பத்து வருடம் வரும். இப்போது ரோஷினி இரண்டாம் வகுப்பு. பாட்டில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, ஈரக்கை படக்கூடாது. சாயங்காலம் தெருவில் அந்தக் குரல் கேட்டால் மணி ஐந்தரை என்று அர்த்தம். அங்கம்மா கூடையைக் கட்டுவாள், எதிர்வீட்டில் பாலை அடுப்பில் வைப்பார்கள், ரோஷினி "வரேம்மா" என்பாள்.