கரியரில் இருந்தவர்

சுன்னாகம் சந்தையில் கருவாடு விற்கப் போன இடத்தில்தான் மரியநாயகிக்குப் பாலேஸ்வரி ரீச்சரைத் தெரியவந்தது. ரீச்சர் கருவாடு வாங்க வந்தவர் அல்ல; சைவக்காரி. சனிக்கிழமைகளில் வந்து, வெங்காயம் குவிக்கிற கொட்டிலின் ஓரத்தில் நின்று, பழைய கொப்பித் தாள்களில் ஆட்களைப் படமாகக் கீறிக்கொண்டிருப்பார். ஒருநாள் தாளைத் திருப்பிக் காட்டினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு யாரையோ ஏசுகிற ஒரு பெண் அதில் இருந்தாள். மரியநாயகி அதை நெடுநேரம் பார்த்தாள்.

“என்ரை மூக்கு இவ்வளவு பெரிசோ, ரீச்சர்?”

“ஓம் அக்கா. பெரிசுதான்.”

அந்தப் பதில் மரியநாயகிக்குப் பிடித்துப்போனது.

ரீச்சரும் சிநேகிதர்கள் சிலரும் ஒரு கலைவிழா நடத்த இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். மண்டபம் வேண்டாம் என்பது அவர்களின் முடிவு. மண்டபத்தில் வைத்தால் வழக்கமாக வருகிற ஆட்களே வருவார்கள், கைதட்டுவார்கள், போவார்கள். சனம் குடியிருக்கிற ஒரு தெருவில், அந்தச் சனமே செய்கிற விழாவாக அது இருக்க வேண்டும். இதைக் கேட்ட மரியநாயகி தராசைக் கீழே வைத்தாள்.

“அப்ப குருநகருக்கு வாங்கோ. எங்கடை ஒழுங்கையிலை மதில் இருக்கு, கூரை பறந்த வீடு இருக்கு. தொழிலுக்குப் போகேலாமல் சும்மா இருக்கிற ஆக்களும் இருக்கினம்.”

அது யாழ்ப்பாணத்தில் போர் நடந்துகொண்டிருந்த தொண்ணூற்றுநான்காம் ஆண்டு. மின்சாரம் போய் வருடக்கணக்காகிவிட்டது. ஆழக்கடலுக்குப் போகத் தடை; கரையை ஒட்டி வலை வீசலாம், அதுவும் பயந்து பயந்துதான். எதிர்க்கரை இராணுவ முகாமிலிருந்து ஷெல் வந்து விழத் தொடங்கினால் சனம் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குள்ளே போகும். ஓய்ந்ததும் திரும்பி வந்து கூட்டித் துடைத்துக் குடியிருக்கும்.

விழா என்றதும் ஒழுங்கைத் தெரு முழுதும் சிரித்தது. “சோத்துக்கு வழியைக் காணேல்லை, படம் கீறப் போகினமாம்” என்றாள் பக்கத்து வீட்டுக் கத்தரீனா. ஆனால் ரீச்சர் சைக்கிளில் வந்து இறங்கி, வீடு வீடாகப் போய்க் கதைக்கத் தொடங்கிய பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. பங்குச் சுவாமி நாடகம் போட வேதக்கோயில் வளவைத் தந்தார். கத்தரீனாவே தன் கிழிந்த வலைகளைக் கூரையில்லாத வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, அவற்றில் பால்மாத் தகரங்களைத் தொங்கவிட்டாள். கடற்காற்று அடிக்கும்போதெல்லாம் அந்த வீடு கலகலவென்று சத்தம் போட்டது. இதற்குப் பெயர் என்ன என்று கேட்டவர்களுக்கு, “எங்கடை வீட்டுச் சத்தம்” என்றாள்.

பெயின்ற் கிடையாது. செங்கட்டியை இடித்தார்கள். உடுப்புக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்தார்கள். செத்த பற்றரிகளை உடைத்துக் கரியை எடுத்தார்கள். எல்லாவற்றையும் வேப்பம்பிசினில் குழைத்தார்கள்.

ஒழுங்கையின் நீண்ட மதிலைப் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் வாழ்க்கையில் ஒருநாளைச் சொல்ல வேண்டும். அதை ரீச்சர் கீறுவார். கத்தரீனா தன் கலியாண நாளைச் சொன்னாள். சின்னத்தங்கம் ஊரெல்லாம் ஓடிப்போன பிறகு தனியாக நின்று ஆட்டுக்குப் பிரசவம் பார்த்த நாளைச் சொன்னாள். மரியநாயகியின் முறை வந்தது. வீட்டுக்குப் போய் உலை வைத்துவிட்டு வந்துதான் சொன்னாள்.

தொண்ணூறாம் ஆண்டு, கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த காலம். அவள் புருசன் சிமியோன் தோணியைக் கரையேற்றிக்கொண்டிருந்தபோது ஷெல் துண்டொன்று அவன் தொடையைக் கிழித்துக்கொண்டு போனது. வாகனம் எதுவும் இல்லை. நின்ற ஆட்களும் ஓடிவிட்டார்கள். மரியநாயகி சேலையைக் கிழித்து அவன் காலைக் கட்டினாள். அவனைச் சைக்கிளின் பின் கரியரில் ஏற்றினாள். விழுந்துவிடாமல் இருக்க ஒரு கயிற்றால் அவனையும் தன்னையும் சேர்த்துக் கட்டினாள். சின்ன வயதில் கோயில் வளவுக்குள் ஓடிப் பழகியதுதான் அவளுக்குத் தெரிந்த சைக்கிள். மானிப்பாய் ஆஸ்பத்திரி வரைக்கும் மிதித்தாள்.

சிமியோன் பிழைத்தான். கால் மட்டும் விந்தி விந்தித்தான் போகும். ஊருக்கு அவன் சொன்ன கதை வேறு. தன் கூட்டாளி பேதுரு தன்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னான். பேதுரு இப்போது கனடாவில் இருந்தான். மறுத்துச் சொல்ல வரமாட்டான். உண்மை தெரிந்த இரண்டொருவர் அவன் முகத்துக்காகப் பேசாமல் இருந்தார்கள். மரியநாயகியும் பேசாமல்தான் இருந்தாள்.

ரீச்சர் எழுந்து நின்றார். “அக்கா, இதை மதிலிலை கீறினால் வீட்டிலை பிரச்சினை வராதோ?”

“வரும். நீங்கள் கீறுங்கோ.”

விழாவுக்கு இரண்டு நாட்களுக்கு முன் படம் முடிந்தது. அன்று மத்தியானம் மரியநாயகி சந்தையிலிருந்து திரும்பி ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பினாள். மதிலில் கத்தரீனாவின் கலியாணம் இருந்தது. சின்னத்தங்கத்தின் ஆடும் இருந்தது. அவளுடைய இடத்தில் வெள்ளை. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை. கத்தரீனா வாசலில் நின்றாள்.

“சிமியோன் அண்ணைதான். நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். ஒருத்தரும் தடுக்கேல்லை” என்றாள், நிலத்தைப் பார்த்தபடி.

சிமியோன் வீட்டுக்குப் பின்னால் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். மரியநாயகி சைக்கிளைச் சாத்திவிட்டு அவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“நீங்களோ பூசினது?”

“நான்தான். வேறை ஆர் பூசுறது?”

“ஏன்?”

“ஏனெண்டு கேக்கிறாய்!” வலையை எறிந்தான். “யாழ்ப்பாணம் முழுக்க வந்து பாக்கப் போகுது. சிமியோன் பொம்பிளைக்குப் பின்னாலை குந்தியிருந்து போனவன் எண்டு. நாலு வருசமா நான் என்ன சொல்லித் திரியிறன் எண்டு உனக்குத் தெரியாதோ?”

“தெரியும். நான் அப்ப வாய் திறக்கேல்லை.”

“இப்ப ஏன் திறந்தனீ?”

கோபமாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை.

“அண்டைக்கு எனக்கு நெஞ்சு வெடிக்கப் பாத்தது. அதைப் பேதுரு செய்தவன், பேதுரு செய்தவன் எண்டு கேட்டுக் கேட்டு அலுத்துப்போச்சு. அவ்வளவுதான்.”

“திரும்பக் கீறினால் திரும்பவும் பூசுவன்.”

“பூசுங்கோ. நான் திரும்பவும் கீறுவிப்பன்.”

பின்னேரம் ரீச்சர் வந்தார். பங்குச் சுவாமியும் வந்தார். குடும்பத்துக்குள் சண்டை வேண்டாம், அந்த இடத்தில் ஒரு தோணியைக் கீறிவிடலாம் என்று சுவாமி சொன்னார். ரீச்சர் மரியநாயகியைப் பார்த்தார்.

“நீங்கள் சொன்னால் அதையே நான் இன்னொருக்காக் கீறுவன், அக்கா.”

“வேண்டாம் ரீச்சர்” என்றாள் மரியநாயகி. “நீங்கள் கீறினால் ரீச்சர் கீறினது எண்டு சொல்லுவினம். ஆரோ படிச்ச பிள்ளை வந்து கற்பனை பண்ணினது எண்டும் சொல்லுவினம். நான் கீறினாத்தான் அது நான் சொன்னதா இருக்கும். தூரிகையைத் தாங்கோ.”

“உனக்குக் கீறத் தெரியுமோ?” என்றாள் கத்தரீனா.

“தெரியாது.”

சுண்ணாம்புக்கு அடியில் ரீச்சரின் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. அவற்றின் மேலேயே கீறிவிடலாம் என்று கத்தரீனா சொன்னாள். மரியநாயகி அந்தக் கோடுகளை விட்டுத் தள்ளி, காய்ந்திருந்த இடத்தில் தொடங்கினாள். சைக்கிளின் முதல் சில்லு முட்டை மாதிரி வந்தது. வேடிக்கை பார்த்த பெண்கள் சிரித்தார்கள்; அவளும் சிரித்தாள். அதைத் துடைத்துவிட்டு, கருவாட்டுக் கடகப் பெட்டியை எடுத்துவந்து, வாய்ப்பக்கத்தை மதிலில் அழுத்திப் பிடித்துச் சுற்றிவரக் கோடு போட்டாள். இரண்டு சில்லுகளும் நல்ல வட்டமாக வந்தன. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. சின்னத்தங்கம் செங்கட்டித் தூளைக் குழைத்துக் கொடுத்தாள். இருளும்வரை கீறினாள். விடிந்ததும், சந்தைக்குப் போகாமல், மறுபடி வந்து நின்றாள்.

தன்னைக் கீறுவது சுலபமாக இருந்தது. குனிந்த முதுகு, ஹாண்டிலைப் பிடித்த கை, பெரிய மூக்கு. கரியரில் இருக்கிற ஆள்தான் சிக்கல். கயிறு வந்தது, இரத்தம் வழிந்த கால் வந்தது. முகம் வரவில்லை. அவன் முகத்தை அன்று அவள் பார்க்கவேயில்லை. அவன் அவளுக்குப் பின்னால் இருந்தான். அவளிடம் இருந்தது அவனுடைய குரல் மட்டுந்தான். அது நினைவுக்கு வந்ததும் கரியைத் தொட்டு ஒரு வாயைக் கீறினாள். பெரிதாக, அகலத் திறந்த வாய்.

பின்னால் காலை இழுத்து நடக்கிற சத்தம் கேட்டது. பெண்கள் விலகினார்கள். சிமியோன் கையில் சுண்ணாம்பு வாளி இருந்தது. மரியநாயகி திரும்பவில்லை, பற்களைக் கீறத் தொடங்கினாள்.

“உதென்ன?” என்றான் சிமியோன்.

“உங்கடை வாய்.”

“ஏன் ஆவெண்டு கிடக்குது? செத்தவன் மாதிரி.”

“செத்தவன் சத்தம் போடமாட்டான். நீங்கள் ஏலேலோ போட்டனீங்கள்.”

“ஆர், நானோ?”

“நீங்கள்தான்.” இப்போது அவள் திரும்பினாள். “ஆனைக்கோட்டை கழிய எனக்குக் கால் ஏலாமல் போச்சு. இறங்கிவிடுவம் எண்டு நினைச்சன். நீங்கள் கரியரிலை இருந்துகொண்டு, தோணி கரையேத்திற மாதிரி, ஏலேலோ போடத் தொடங்கிட்டியள். நீங்கள் ஒண்டு சொல்ல நான் ஒரு மிதி. ஆஸ்பத்திரி வாசல் மட்டும் நீங்கள் விடேல்லை. அதாலைதான் போய்ச் சேந்தனாங்கள்.”

சிமியோன் வாளியைக் கீழே வைத்தான்.

“எனக்கு ஒண்டும் நினைவில்லை. ஓட்டுமடம் தாண்டினதோடை எல்லாம் இருட்டு.”

“இருட்டுக்குள்ளை இருந்துதான் போட்டனீங்கள்.”

“இதை ஏன் நீ எனக்குச் சொல்லேல்லை?”

“நீங்கள்தானே பேதுருவின்ரை மோட்டார் சைக்கிளிலை போனனீங்கள். அதுக்குள்ளை ஏலேலோவை எங்கை வைச்சுச் சொல்லுறது?”

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். சிமியோனின் கண்கள் படத்தில் இருந்த அந்த வாயிலேயே நின்றன. “மூட்டை மாதிரிக் கிடந்தனெண்டெல்லோ நினைச்சிருந்தன்” என்றான். அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னான். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே போனான். மரியநாயகி மிச்சப் பற்களையும் கீறி முடித்தாள்.

விழா தொடங்கியது. அளவெட்டியிலிருந்தும் நெல்லியடியிலிருந்தும் கூடச் சனம் சைக்கிளில் வந்தது. ஒழுங்கை முகப்பில் சைக்கிள்கள் மதிலை மறைக்காமல் ஊர்ப் பொடியன்கள் பார்த்துக்கொண்டார்கள். முதல் நாள் நாடகம் பாதியில் இருந்தபோது விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் பங்கர்களுக்குள் ஓடினார்கள். குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. வெளியே வந்ததும் சிலர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். நாடகத்தில் நடித்த மரியநாயகி தான் விட்ட வசனத்திலிருந்து தொடங்கினாள். சிமியோன் அன்று வரவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் நாடகம் முடிந்து மரியநாயகி ஒழுங்கைக்கு வந்தபோது அவளுடைய படத்துக்கு முன்னால் ஒரு கூட்டம் நின்றது. நடுவில் சிமியோன். வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி, கோயிலுக்குப் போகிற மாதிரி வந்திருந்தான். நெல்லியடியிலிருந்து வந்த கனகசபாபதி என்கிற கடைக்காரர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“உந்தப் பின்னாலை இருக்கிறவர் ஆர்?”

சிமியோன் தொண்டையைச் செருமினான்.

“நான்தான்.”

“அப்ப மிதிக்கிறது?”

“என்ரை மனிசி. இந்தா, உதிலை வாறா. மானிப்பாய் மட்டும் என்னைக் கொண்டுபோனவ.”

“வாய் ஏன் உப்பிடி?”

“நான் ஏலேலோ போட்டனான். எனக்கு அது நினைவில்லை. இவ சொல்லுறா. இவ சொன்னால் அது நடந்ததுதான்.”

மரியநாயகி கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டாள். கண் கலங்கியது, தலைப்பால் துடைத்துக்கொண்டாள். பேதுருவைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கனகசபாபதியின் மனைவி குணலட்சுமி, ஐம்பது வயது இருக்கும், கூட்டத்தை விட்டு மெல்ல அவளிடம் வந்தார்.

“தங்கச்சி, சைக்கிள் ஓடுறது கஷ்டமோ? நான் எப்பவும் இவருக்குப் பின்னாலைதான் வாறனான்.”

“தொடங்கேக்கை கஷ்டந்தான்.”

“இந்த வயசிலை ஏலுமோ?”

மரியநாயகி வீட்டுக்குப் போய்த் தன் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

“ஏறுங்கோ அக்கா. நான் பின்னாலை பிடிக்கிறன்.”

“இஞ்சை, என்ன செய்யிறாய்?” என்று கனகசபாபதி பதறிப்போனார். குணலட்சுமி அதற்குள் சேலையைத் தூக்கிச் செருகிவிட்டார். சைக்கிள் இடமும் வலமுமாக ஆடியது. சனம் மதிலோடு ஒட்டி வழிவிட்டது. “கீழை பாக்காதேங்கோ, நேரை பாருங்கோ, மிதியுங்கோ!” என்று கத்திக்கொண்டு, சீற்றை இறுக்கிப் பிடித்தபடி, மரியநாயகி பின்னால் ஓடினாள்.