வாய் திறக்காத பெட்டி

மாப்பிள்ளையின் கார் தெருமுனை திரும்பிச் சத்தம் அடங்கும் வரை டேங்கர்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் மகளைப் பார்த்து ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"கிளம்பு."

எண்ணெய் டேங்கர் ஓட்டியே தலை நரைத்தவர் என்பதால் சொந்தபந்தம் எல்லாருக்கும் அவர் டேங்கர்காரர்தான். கண் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி நேற்று மகள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் கண்ணில் ஒரு கோளாறும் கிடையாது. போன மாதம் மகளின் மேல்கையில் கன்றிப்போயிருந்த நீலத்தை அந்தக் கண்ணால்தான் பார்த்தார். கதவு இடுக்கில் மாட்டிக்கொண்டது என்றாள். கதவுக்கு ஏது ஐந்து விரல் என்று கேட்டார். அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை.

முன்பு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளோடு வேலை பார்த்த அக்கா ஒருத்தி வேறு ஊரில் இருந்தாள். மாப்பிள்ளைக்கு அவளைத் தெரியாது. வேலைக்குப் போகும்போது வீட்டுச் சாவியை மீட்டர் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருந்தாள். அந்த வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அதற்குள் அவன் கண்டுபிடித்துவிட்டால் இந்தத் தடவை நீலத்தோடு நிற்காது.

டேங்கர்காரரின் காரில் ஏறியதுமே சண்டை. மகள் தன் போனை எடுத்து முன்னால் இருந்த தாங்கியில் செருகப் போனாள்.

"அதைக் கொண்டுபோய் உள்ள வெச்சிட்டு வா."

"வழி தெரிய வேணாமாப்பா?"

"வழிக்கு இது இருக்கு." சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழந்துணிச் சுருட்டை எடுத்தார். உள்ளே சோப்பு டப்பா அளவில் கறுப்பாக வழிகாட்டிப் பெட்டி. பின்னால் இருந்த ரப்பரை எச்சில் தொட்டு முன்கண்ணாடியில் அழுத்தினார்.

"ஐயோ, இதுவா! இதுக்குப் புது ரோடு ஒண்ணும் தெரியாதுப்பா. போன தடவை நாம பாலத்து மேல போறோம், இது நம்மள ஆத்துக்குள்ள காட்டுச்சு."

"நனைஞ்சியா?"

"அப்பா!"

"நனையல இல்ல? அப்புறம் என்ன. இது மேல சாட்டிலைட்டைப் பாத்து எங்க இருக்கோம்னு தெரிஞ்சிக்கும், நமக்குச் சொல்லும், அதோட சரி. மூணாம் மனுஷன்கிட்ட வாய் திறக்காது. உன் போன் இருக்கே, வழி சொல்ற சாக்குல நீ எங்க இருக்கேன்னு தண்டோரா போட்டுடும். அதை உனக்கு வாங்கிக் கொடுத்தது யாரு?"

அவள் இறங்கினாள். உள்ளே போய்ப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, ஒரே ஒரு பையோடு வந்து உட்கார்ந்தாள்.

பெட்டி அந்த வீட்டு வழியைத் தயாராக வைத்திருந்தது. முந்தாநாளே அவர் காலி வண்டியில் அங்கே போய் வந்துவிட்டார். டேங்கர் ஓட்டுகிறவர்களிடம் அப்படி ஒரு பழக்கம் உண்டு. புது இடத்துக்கு லோடு ஏற்றும் முன் ஒரு தடவை காலியாகப் போய், எந்த முக்கில் வண்டி திரும்பும், எங்கே கம்பி தாழத் தொங்குகிறது என்று பார்த்து வருவார்கள். அந்த வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. இரண்டு பக்கமும் மதில். ஒரு கார் மட்டும் போகலாம். போனால் பின்னாலேயே எடுத்துக்கொண்டு வரவேண்டும். சந்து அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டின் பச்சை இரும்பு கேட் நல்ல கனம். அது பிடித்திருந்தது.

பெட்டி பழைய ரோட்டில் போகச் சொன்னது. புதுப் பாலம் வந்தபிறகு செத்துப்போன ரோடு அது. கடைகளுக்குப் பூட்டு. ஒரு பட்டறை வாசலில் சக்கரம் கழற்றிய லாரி சாய்ந்து கிடந்தது. எதிரே ஒரு வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. மழை பெய்யவும் செய்யாமல் விலகவும் செய்யாமல் மேகம் தலைக்கு மேலேயே நின்றது. இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் நடந்து டேங்கர்காரர் பார்த்ததில்லை. அதனாலேயே அவர் அடிக்கடி பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது.

சத்தம் அவர் சட்டைப் பையிலிருந்து வந்தது. மூக்குக்கண்ணாடிக் கூட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்த அவருடைய போன்.

மகள் அவர் பையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, உங்க போன்... அதைக் கொண்டு வந்தீங்களா?"

"இதுல மேப்பு கீப்பு ஒண்ணும் கிடையாதே. பேசுறதோட சரி."

சொல்லி முடிக்கும்போதே நினைவுக்கு வந்தது. இதை வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். கொடுத்த அன்றைக்கு மடியில் வைத்துக்கொண்டு என்னென்னவோ அமுக்கினான். 'நீங்க எங்கயாவது மயங்கி விழுந்தா எங்களுக்குத் தெரியணும்ல மாமா' என்று சிரித்தான். நல்ல பிள்ளை என்று அன்றைக்கு நினைத்தார். முந்தாநாள் காலி வண்டியில் போனபோதும் அது இதே பையில்தான் இருந்தது.

எடுத்தார்.

"என்ன மாமா, பழைய ரோட்டுல சுத்திக்கிட்டு வர்றீங்க? புதுப் பாலம் வழியா வந்தா சீக்கிரம் வந்திருக்கலாமே. நான் வந்து எவ்வளவு நேரம் ஆச்சு."

"எங்க மாப்பிள்ளை வந்தீங்க?"

"முந்தாநாள் நீங்க வந்த இடத்துக்குத்தான். பச்சை கேட். நல்ல அமைதியான இடமாத்தான் பாத்திருக்கீங்க." குரலில் கோபமே இல்லை. "அவ பக்கத்துல இருக்காளா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"தூங்குறா."

"தூங்கட்டும், தூங்கட்டும். மெதுவா வாங்க. நான் எங்கயும் போகல."

"வழியில பெட்ரோல் போட நிறுத்துவேன்."

"போடுங்க மாமா."

மகள் திரும்பிப் போய்விடலாம் என்று அழுதாள். போனை ஜன்னல் வழியாக எறியச் சொன்னாள்.

"எறிஞ்சா அவன் கிளம்பிடுவான். திரும்பினாலும் கிளம்பிடுவான்." டேங்கர்காரர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இது அவனைப் பாத்துப் போயிட்டே இருக்கிற வரைக்கும்தான் அவன் அங்க உக்காந்திருப்பான்."

நாலு ரோடு சேரும் இடத்தில் பேருந்து நிலையம் ஒன்று இருந்தது. மூன்று பேருந்துகள் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தன. வண்டியை ஓரம் கட்டி, தன் பர்ஸை அவள் கையில் திணித்தார்.

"இறங்கு."

"நீங்க?"

"நான் போகலைன்னா அவன் வருவான்."

"எந்த பஸ்ஸுல ஏறட்டும்?"

"என்கிட்ட சொல்லாத. போய்ச் சேந்ததும் அத்தை வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் போடு, வேற யாருக்கும் போடாத. ஓடு கண்ணு."

அவள் கதவைச் சாத்துவதற்குள் வண்டியை எடுத்தார். கண்ணாடியில் பார்க்கவில்லை. பார்த்தால் எந்தப் பேருந்து என்று தெரிந்துவிடும்.

மிச்ச வழியெல்லாம் பெட்டி பேசிக்கொண்டே வந்தது. இடப்பக்கம் திரும்பவும். நேராகச் செல்லவும். சட்டைப் பையில் இருந்தது ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தது.

சந்தின் கடைசியில், கேட்டை ஒட்டி மாப்பிள்ளையின் கார் நின்றது. அவன் அதில் சாய்ந்துகொண்டு நின்றான். வருகிற வண்டியை அவன் பார்க்கவில்லை. கையில் இருந்த போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், மாமனார் ஒரு புள்ளியாக நகர்ந்து நகர்ந்து தன்னிடம் வருவதை. புள்ளி நின்றதும் தலையை நிமிர்த்திச் சிரித்தான். நடந்து வந்து, பக்கத்து இருக்கை ஜன்னலில் குனிந்து பார்த்தான்.

"எங்க அவ?"

"தெரியாது" என்றார் டேங்கர்காரர். அது உண்மைதான்.

அவன் மறுபடியும் போனைப் பார்த்தான். இரண்டு விரலால் எதையோ விரித்தான். அவசரமே படவில்லை.

"பெட்ரோல் போடணும்னு நின்னீங்களே மாமா. அங்க பங்க்கே இல்லையே." இன்னும் விரித்தான். "பஸ் ஸ்டாண்டுல்ல இருக்கு."

அவன் தன் காரை நோக்கித் திரும்பி நடந்தான்.

டேங்கர்காரர் வண்டியைப் பின்னால் எடுத்தார். அவன் காரில் ஏறிக் கிளப்புவதற்குள் சந்தின் வாய்க்கு வந்து, ஒடித்து, முன்பக்கம் ஒரு மதிலையும் பின்பக்கம் மறு மதிலையும் உரசச் சாய்வாகக் குறுக்கே நிறுத்தினார். முந்தாநாளே கண்ணால் அளந்து வைத்த அகலம். சாவியை உருவிச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார். கதவுகளைப் பூட்டினார். கண்ணாடிகளை ஏற்றினார்.

மூன்று பேருந்தும் இந்நேரம் கிளம்பியிருக்கும். கிளம்பியிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை காரை விட்டு இறங்கினான். பின்பக்க டிக்கியைத் திறந்து குனிந்து எதையோ தேடினான். நிமிர்ந்தபோது கையில் டயர் கழற்றும் இரும்புக்கம்பி இருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது.

திரும்பிச் செல்லவும் என்றது பெட்டி.

"நீ சும்மா இரு" என்றார் டேங்கர்காரர். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.