ஒரு நாள் வைத்த தண்ணீர்

"பிளக்கைப் பிடுங்காதீங்க!"

மூத்தவள் போட்ட சத்தத்தில் குளிர்ப்பெட்டிக்காரர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கரண்ட் ஏதும் அடித்துவிட்டதோ என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கூடத்தில் இருந்தது ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் மீன்தொட்டியின் காற்று மோட்டார் மாட்டியிருந்தது. அப்பாவைப் படுக்கவைத்திருந்த கண்ணாடிப் பெட்டியோ வெயில் ஏறுவதற்குள் குளிர்ந்தாக வேண்டும். ஊரில் உள்ள மாடிகளுக்கெல்லாம் லிஃப்ட் ஓடவைத்த மெக்கானிக், தன் வீட்டுக் கூடத்தில் இரண்டாவது பாயிண்ட் வைக்க நேரமில்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்கும்போதெல்லாம் "நாளைக்குப் போட்டுடறேன்" என்பார். அந்த நாளை கடைசிவரை வரவே இல்லை.

"ஏண்டி, பெத்தவரு கெடக்கறாரு, நீ மீனைப் பாக்கறியா?" என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை அவள். வாய் அப்படித்தான். ஆனால் காலையில் சேதி கேட்டதும் செருப்புகூட மாட்டாமல் ஓடி வந்தவளும் அவள்தான்.

"காத்து நின்னா அது தாங்காது அத்தை. அப்பா சொல்லியிருக்காரு."

"சொன்னவரே தாங்கல. மீன் தாங்கினா என்ன, தாங்காட்டி என்ன?"

மூத்தவள் தானே போய் பிளக்கைப் பிடுங்கினாள். தொட்டியில் குமிழிகள் நின்றன. பெட்டி உறுமத் தொடங்கியது. சமையலறையிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து வந்து, தொட்டித் தண்ணீரை மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினாள். மறுபடி மொண்டாள், ஊற்றினாள். கரண்ட் இல்லாதபோது தண்ணீருக்கு இப்படித்தான் காற்றுக் கொடுக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொடுத்திருந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

தொட்டியில் இருந்தது ஒற்றை மீன். கண்ணாடிக் கெளுத்தி. விரல் நீளம்தான். உடம்பில் நிறம் என்று ஒன்றும் கிடையாது. உள்ளே முள்வரிசை அப்படியே தெரியும், பின்னால் இருக்கிற செடியும் தெரியும். மூத்தவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. "உன் பொழைப்புல மண்ணைப் போட்டுடும் இந்த மீன். மெஷினே வேண்டாம், பாத்தே எலும்பை எண்ணிடலாம்" என்று அப்பா கேலி செய்வார்.

அந்த மீன் இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் வருவதில்லை. அப்பாவின் இளவயதில் மூலைக்கு மூலை கிடைத்ததாம். "நிறமே இல்லாததை யாரும்மா வாங்கறாங்க? எல்லாரும் ஆரஞ்சு கேக்கறாங்க, நீலம் கேக்கறாங்க" என்று கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். அப்பா ஆசைப்பட்டுவிட்டாரே என்று அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள். இரண்டு வருடத்துக்கு முன்னால், மூடப்போகிற ஒரு கடையின் பின்பக்கத் தொட்டியில் ஆறு மீன்கள் அகப்பட்டன. பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப் பிடித்து, வழி நெடுக அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். மற்றதுக்கெல்லாம் இரண்டு மீசை, ஒன்றுக்கு மட்டும் ஒற்றை மீசை. அன்றைக்கு ஸ்டூல் போட்டுத் தொட்டிமுன் உட்கார்ந்த அப்பா சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அவருடைய அந்த முகத்துக்காக இன்னும் எத்தனை ஊர் வேண்டுமானாலும் அலையலாம் என்று அவளுக்கு இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து வேலை முடிந்து வந்தபோது ஒன்றுதான் இருந்தது.

"அஞ்சும் போயிடுச்சும்மா. பொதைச்சுட்டேன்" என்றார் அப்பா. "நேத்து நீ குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்தினியா?"

ஊற்றியிருந்தாள்.

"வாளியில ஒரு நாள் வச்சு ஊத்தணும். குழாய்த் தண்ணியில மருந்து இருக்கும், இதுங்களுக்கு ஆகாது. போகட்டும் விடு. தெரியாமத்தானே செஞ்சே."

திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். அவர் பொறுத்துக்கொண்டதுதான் அவளைக் கொன்றது. அன்றிலிருந்து கூடத்து மூலையில் ஒரு வாளி. நாள் தவறாமல் நிரப்பி, வலை போட்டு மூடி, மறுநாள்தான் தொட்டிக்கு ஊற்றுவாள். அதோடு ஞாயிற்றுக்கிழமையும் போனது. "இது கூட்டமா வாழற ஜாதி. தனியா ரொம்ப நாள் தாங்காது. தூரத்துக் கடையில எங்கயாவது கெடைக்குதான்னு பாரேன்" என்பார் அப்பா. அவளுக்கு இருந்தது வாரத்தில் ஒரு விடுமுறை. அதில் காலையில் பஸ் ஏறினால் இருட்டும்போதுதான் திரும்புவாள், வெறுங்கையோடு. "பரவாயில்லம்மா, அடுத்த வாரம் பாக்கலாம்" என்பார்.

தங்கை வந்தபோது கூடத்தில் பேச்சு நின்றது.

அவள் இந்த வீட்டு வாசற்படி மிதித்துப் பல வருடம் ஆகிறது. அப்பாவிடம் வேலை கற்றுக்கொண்டிருந்த பையனைக் கட்டிக்கொண்டு போனவள். "என்கிட்ட ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கிட்டவன் என் மண்டையிலயே போட்டுட்டான்" என்று அப்பா அன்று கத்தினார். "இனி இந்த வீட்டுல அவ பேரே வரக்கூடாது. நீ அவகூடப் பேசினேன்னு தெரிஞ்சுது, எனக்கு ரெண்டு பொண்ணுமே இல்ல." பிறகு ஒரு நாள் தங்கை போன் செய்தாள். எதிரில் அப்பா உட்கார்ந்திருந்தார். "அக்கா" என்ற குரல் கேட்டதும் மூத்தவள் கட் செய்துவிட்டாள். அந்த ஒரு சொல் ரொம்ப நாள் காதிலேயே இருந்தது.

இப்போது அந்தக் குரல் பெட்டியின் கண்ணாடிமேல் சாய்ந்து அழுதது. அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் வந்தது.

"குடுக்கா, நான் கொஞ்ச நேரம் ஊத்தறேன்."

டம்ளர் கை மாறியது. தங்கை மொண்ட தண்ணீரைத் தொட்டியின் கண்ணாடி ஓரமாக, மெல்ல வழியவிட்டாள்.

"உசரத்துலேர்ந்து ஊத்தினா பயந்துக்கும்க்கா. இப்படி ஓரமா விட்டா போதும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்பாதான்..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுபோனாள்.



"அப்பா உன்னை எப்போ பாத்தாரு?"

"ஞாயித்துக்கிழமை வருவாருக்கா." தங்கை தண்ணீரைப் பார்த்தே சொன்னாள். "நீ காலையில வெளிய போனதும் கெளம்பி வந்துடுவாரு. ரெண்டு வருஷமா. உன்கிட்ட மட்டும் சொல்லிடாதேன்னாரு."

"ஏன்?"

"நீதான் இன்னும் என்னை மன்னிக்கலன்னு... 'எனக்கு ஒண்ணும் இல்லம்மா, உங்க அக்காதான் பிடிவாதமா இருக்கா. தெரிஞ்சா வீட்டை ரெண்டாக்கிடுவா'ன்னு சொன்னாரு. நீ அன்னைக்கு போனைக் கட் பண்ணியா, நானும் நம்பிட்டேன்."

மூத்தவள் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி படுத்திருந்தார் அப்பா.

அத்தை பக்கத்தில் பாயில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குத் தெரியுமா அத்தை?"

அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்தாள். சரியாக இருந்ததையே இன்னொரு தடவை சரிசெய்தாள்.

"அவருக்கு வீம்புடி. பேசக்கூடாதுன்னு உன்கிட்ட அவ்வளவு பெரிசா சொல்லிட்டு, எப்படி எறங்கி வருவாரு? நீயும் சொன்னதை அப்படியே கேட்டுட்டே. ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருந்தா அவருக்கும் சௌகரியமா இருந்திருக்கும்."

அடேயப்பா! சொன்ன பேச்சைக் கேட்டது குற்றமா? தங்கை எதிர்த்தாள், போனாள், அப்பாவும் அவள் பின்னாலேயே போய்விட்டார். சொன்னபடி நடந்தவள் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். மூத்தவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கலாம் என்றால், கேட்க வேண்டிய ஆள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத இடத்தில் படுத்துக்கொண்டுவிட்டார்.

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச்சை மாற்றினாள். "மொத தடவை வந்தப்போ வெறுங்கையோட வரலக்கா. இதே மீன் அஞ்சு கொண்டாந்தாரு. எங்கயும் கெடைக்கிறதில்லையாமே? அந்தக் கால்வலியோட எனக்காக எங்கெங்கயோ அலைஞ்சு வாங்கினாராம்."

"போட்டோ இருக்கா?"

இருந்தது. போன் திரையில், சுத்தமான ஒரு தொட்டியில், ஐந்து கண்ணாடிக் கெளுத்திகள் ஒரே திசையில் தலை வைத்து நின்றன. மூத்தவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். எக்ஸ்ரே படத்தில் கீறல் தேடிப் பழகிய கண் அது. நடுவில் நின்றதற்கு ஒற்றை மீசை.

"தண்ணி எப்படி மாத்தறே?"

"குழாயிலேர்ந்து நேராத்தான். மருந்து இருக்குமேன்னு நான்கூடக் கேட்டேன். 'நம்ம ஊர்த் தண்ணி ஒண்ணும் பண்ணாதும்மா, நான் ஊத்திப் பாத்தவன்'னாரு. ஏங்க்கா?"

மூத்தவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அது நான் வாங்கினது."

"என்னது?"

"அந்த மீனு. நான் வாங்கி, மடியில வச்சுக் கொண்டாந்தேன். செத்துப்போச்சுன்னு சொன்னாரு. நான் ஊத்தின தண்ணியாலதான் செத்துச்சுன்னு சொன்னாரு. இதுக்குத் துணை தேடறேன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் நாயா அலைஞ்சேன்டி."

தங்கையின் கையில் டம்ளர் சாய்ந்து தண்ணீர் தரையில் கொட்டியது. அப்பா அவளுக்கும்தான் கொஞ்சம் செத்துப்போனார் அந்த நேரத்தில்.

"ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுதுடுங்கடி. மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் அத்தை, கூடத்துக்கே கேட்கும்படி. யாரும் யாரையும் கட்டிப் பிடிக்கவில்லை. "மூத்தது இடிஞ்சுபோய் நிக்குது பாவம், கண்ணுல ஒரு சொட்டு வரல" என்று வாசல் பக்கம் யாரோ சொன்னார்கள்.

மதியம் வண்டி வந்தது. கால்மாட்டுப் பக்கம் தூக்க ஆள் போதாமல், தெருவில் தயங்கித் தயங்கி நின்ற தங்கை வீட்டுக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, வாசற்படி இறங்குகிற இடத்தில் பாரம் யார் பக்கம் சாயும் என்று பார்த்துப் பார்த்துத் தூக்கினார். அது அப்பாவிடம் கற்ற வேலைதான். மூத்தவள் வாசல்வரை போனாள். வண்டிக் கதவைச் சாத்தும்போது ஏதாவது வரும் என்று நினைத்தாள். கோபம்தான் வந்தது.

எல்லாம் முடிந்து ஆட்கள் திரும்பியபின், தங்கை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தொட்டிமுன் நின்றாள்.

"அக்கா, இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா? அங்க அஞ்சும் இருக்கு. தனியா கெடக்குதே."

"வேண்டாம்."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த அஞ்சையும் இங்க கொண்டா" என்றாள் மூத்தவள். "ஞாயித்துக்கிழமை வா. இனிமே எனக்கு ஞாயித்துக்கிழமை அலைச்சல் இல்ல."

"சரிக்கா." படியிறங்கியவள் திரும்பினாள். "எத்தனை மணிக்கு?"

"அவர் உன் வீட்டுக்கு எப்போ வருவாரோ, அப்போ."

அத்தை துடைப்பத்தோடு கூடத்தில் நின்றாள். "பெட்டி இருந்த எடத்தைக் கழுவி விட்டுடலாம். தண்ணி எங்கடி?"

மூத்தவள் மூலைக்குப் போய் வாளியின் வலையை எடுத்தாள். நேற்று நிரப்பியது. அசையாமல், தெளிந்து, அடிவரை தெரிந்தது. தூக்கி வந்து அப்படியே தரையில் கவிழ்த்தாள். தண்ணீர் கூடம் முழுக்கப் பரவி வாசலைத் தாண்டியது. அத்தை "மெதுவாடி!" என்று புடவையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினாள்.

மோட்டார் பிளக்கை மாட்டினாள். குமிழிகள் வரத் தொடங்கின. நாள் முழுக்க மொண்டு ஊற்றிச் சிந்தியதில் தொட்டித் தண்ணீர் இறங்கியிருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய், பிடித்துவந்து, நேராகத் தொட்டியில் ஊற்றினாள்.

மீன் ஒருமுறை உதறிக்கொண்டது. மீசையை முன்னால் நீட்டியது. பிறகு அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து நின்றது.

அவள் அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு டம்ளரோடு மறுபடி குழாயடிக்குப் போனாள்.